உறைந்து நிற்கும் கணிப்பொறி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் குறளின் சுவையை எடுத்துரைப்போர் உளர். இசைத்தமிழின் பெருமையை விரித்துரைப்போர் உளர். அத்தகைய மேடையில், நின்றுபோன கணிப்பொறியைப் பற்றிப் பேசலாமா என்று செயற்குழுவிலேயே சிலர் நகைத்தனர். ஆயினும் நம் குடியிருப்பில் அப்பெட்டி இல்லாத வீடுகள் சிலவே. அப்பெட்டி இருந்தும் ஒருமுறையேனும் அது நடுவில் உறைந்து நின்று வீட்டாரைத் திகைக்க வைக்காத வீடு இருப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் 'ஹேங் ஆகிவிட்டது' என்பர். உடனே ஒருவர் வைரஸ் என்பார். மற்றொருவர் வெயில் என்பார். பாட்டிமார் கண்ணேறு என்பர். கண்ணேற்றை நீக்கி ஏனையவற்றை ஒவ்வொன்றாக ஆராயும் வாய்ப்பு 2025ஆம் ஆண்டில் எங்களுக்கு வாய்த்தது. அதனையே இன்று கூற வந்துள்ளோம்.

மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும் 'நாங்கள்' என்றே பேசுவோம். ஏனெனில் இவ்வேலையில் எங்கள் மகளுக்குப் பாதிப் பங்கு உண்டு. அடுத்த வரிசையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சிக்னல் பராமரிப்பாளர் ஒருவருக்கு மீதிப் பாதியில் பெரும்பங்கு உண்டு. எங்களுக்கு உரியது பதிவேடு எழுதியது மட்டுமே.

எங்கள் வீட்டுக் கணிப்பொறி 2017இல் வாங்கியது. எட்டாண்டுகள் குறையின்றி உழைத்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை, மகள் நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டிருக்கையில், திரை அப்படியே கல்லாய்ச் சமைந்தது. அணைத்து மீண்டும் இயக்கினோம். அன்றிரவே இருமுறை அவ்வாறு ஆயிற்று. விண்ணப்பத்தின் கடைசி நாளோ மறுநாள். நண்பர் வீட்டுக்கு ஓடி, இரவு பதினொரு மணிக்கு அதனை முடித்தோம். மறுவாரம் பெட்டியைக் கடைவீதிக்குத் தூக்கிச் சென்றோம். கடைக்காரர் மூடியைத் திறந்து கால் நிமிடம் பார்த்தார், "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக மாற்ற 14,000 ரூபாய் ஆகும், அதற்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம்" என்றார். எந்தச் சோதனையும் செய்யாமல் எவ்வாறு அறிந்தார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்தோம்.

வீட்டில் எங்கள் தாயார் கேட்டது வேறு. "பெட்டி போனால் போகட்டும், அவர் பேசினது எல்லாம் இருக்கிறதா, அதைப் பார்" என்றார். எங்கள் தகப்பனார் 2021இல் காலமானார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஊர்க்கதைகளையும் வயற்காட்டுப் பெயர்களையும் உறவுமுறைகளையும் அவர் சொல்லச் சொல்ல, பேத்தி தன் கைப்பேசியில் பதிந்து, இப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். மொத்தம் 31 பதிவுகள். நாகபுரியிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்குத் தன் பாட்டனாரின் ஊர் அவ்வளவில்தான் இருக்கிறது. வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் நாங்கள் ஐயுற்றது வெப்பத்தை. நம் ஊரில் மே மாதம் 45 பாகையைத் தொடுவது புதிதன்று. மூடியைத் திறந்தபோது, பிராசஸரின் மேல் இருக்கும் உலோகச் சிறகுகளுக்கும் மின்விசிறிக்கும் இடையே தூசி ஒரு கம்பளியாகப் படிந்திருந்தது. மூலையில் காய்ந்த பல்லி ஒன்றும் கிடைத்தது. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, தொடக்க விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை இறக்கினோம். வெறும் உலோகத்தைத் தொட்டு எங்கள் உடலில் உள்ள நிலைமின்னை நீக்கிக்கொண்டோம். பிறகு ஊதுகருவியால் தூசியை அகற்றினோம். ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். உலோகச் சிறகைக் கழற்றி, உலர்ந்து பொடியாகிப் போன வெப்பக் களிம்பைத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு இட்டோம். ஆறு நாள் பெட்டி ஒருமுறையும் நிற்கவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று தெருவெல்லாம் சொல்லியும் ஆயிற்று. ஏழாம் நாள் மீண்டும் நின்றது. அந்த ஆறு நாளும் மகள் தேர்வுக்காக வெளியூர் சென்றிருந்தாள், பெட்டியில் வேலையே நடக்கவில்லை என்பது பிறகே எங்கள் மூளைக்கு எட்டியது.

பல்லியைக் கண்டபோது சிக்னல் பெரியவர் ஒரு செய்தி கூறினார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் அமைத்த 'மார்க் 2' என்னும் கணிப்பொறி பிழை செய்தது. அக்காலக் கணிப்பொறி, நம் சிக்னல் அறைகளில் உள்ளவை போன்ற ரிலேக்களால் ஆனது. ஒரு ரிலேயின் இடையில் விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டு இறந்திருந்தது. அதனை எடுத்து, அன்றைய பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அப்பதிவேடு இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் பூச்சியோடு இருக்கிறது. பொறியின் பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் எங்களைக் கவர்ந்தது பூச்சியன்று, பதிவேடு. அவ்வளவு பெரிய அறிஞர்களும் நாள், நேரம் குறித்துத்தான் பழுதைத் தேடினார்கள்.

பெரியவர் இரண்டு கட்டளை இட்டார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். பதிவேடு எழுதியே பழகிய கைக்கு இது கரும்பு தின்னக் கூலி. ஒரு நோட்டில் கட்டங்கள் போட்டோம்: நாள், மணி, இயக்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, அப்போது நடந்த வேலை, எத்தனை பக்கங்கள் திறந்திருந்தன, திரையின் அம்புக்குறி நகர்கிறதா, 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா, டிஸ்க் விளக்கு எவ்வாறு இருக்கிறது, தானாகத் தெளிந்ததா. இவற்றுள் கேப்ஸ் லாக் சோதனையைத் தாய்மார்களும் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். அவ்விளக்கு மாறினால் பெட்டியின் உயிர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். மாறாவிடில் முழுவதும் நின்றுவிட்டது.

பதினேழு நாளில் 23 குறிப்புகள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து அவற்றைப் படித்தபோதுதான், நாங்கள் ஒரு நோய் என்று எண்ணியிருந்தது இரண்டு நோய் என்பது தெரிந்தது. 14 முறை அம்புக்குறி நகர்ந்தது; கேப்ஸ் லாக் விளக்கு மாறியது; டிஸ்க் விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது; ஓரிரு நிமிடத்தில் சிலமுறை தானே தெளிந்தது. 9 முறை அனைத்தும் மரத்துப்போயின. விசையை அழுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த 9 முறையும் மகள் பல பக்கங்களை ஒருங்கே திறந்து வைத்திருந்த வேளைகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் எதைச் செய்தாலும் பாதி குணமும் பாதி நோயுமாகத் தோன்றியது. பதிவேடு இல்லையேல் இன்றும் தூசி தட்டிக்கொண்டுதான் இருப்போம்.

வெப்பத்தை எளிதில் விலக்க முடிந்தது. வெப்பநிலை காட்டும் இலவச நிரல்கள் பல உள்ளன. கடுமையான வேலையின்போதும் எங்கள் பிராசஸர் 62 பாகையைத் தாண்டவில்லை. அவ்வகைப் பிராசஸர்கள் சுமார் 100 பாகை வரை தாங்கும். அதற்கு மேல் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிடில் பெட்டி அணைந்துபோகும். ஆகவே வெப்ப நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் தளர்ச்சியும் திடீர் அணைவுமே. உறைவது அதற்கு அடுத்தே.

மின்சாரத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லுகிறோம். யு.பி.எஸ். பழையதாயின் அதனை விலக்கி, நேர் மின்சாரத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். பெட்டியின் உடலைத் தொட்டால் சுள்ளென்று உறைத்தால் எர்த் கம்பியைப் பார்க்க மின்பணியாளரை அழையுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டி வெளியிடும் 12 வோல்ட் மின்னழுத்தம், ஐந்து விழுக்காட்டுக்குள், அதாவது 11.4க்கும் 12.6க்கும் இடையே நிற்க வேண்டும். 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையே. பெரியவர் தம் மீட்டரால் அளந்தார், சரியாக இருந்தது. ஆனால் ஒன்று: எஸ்.எம்.பி.எஸ்ஸின் மூடியை யாரும் திறக்கலாகாது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் உயிரைப் பறிக்கத்தக்க மின்சாரத்தை வைத்திருக்கக் கூடும். இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்லுகிறோம், துணிச்சல் காட்ட இடம் அதுவன்று.

அடுத்து, பழுது பொறியிலா, விண்டோஸிலா என்ற வினா. இதற்கு நல்ல உரைகல் ஒன்று உண்டு. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பெட்டியை இயக்கலாம். ஹார்டு டிஸ்கைத் தொட வேண்டியதில்லை. அவ்வாறு இயக்கி, நிறையப் பக்கங்களைத் திறந்து வைத்தோம். இரண்டாம் நாளே பெட்டி மரத்து நின்றது. விண்டோஸும் வைரஸும் அங்கே இல்லை; ஆகவே முழு உறைவு பொறியின் குற்றம். மற்றொன்றையும் கவனித்தோம். அந்த ஐந்து நாளில் முதல் வகை உறைவு, அதாவது டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே காக்க வைக்கும் வகை, ஒருமுறையும் தோன்றவில்லை. இதன் பொருளை அன்றே உணர்ந்திருந்தால் பின்னால் வந்த துன்பம் குறைந்திருக்கும். உணரவில்லை.

முழு உறைவுக்கு ராம் எனப்படும் நினைவகத்தை ஐயுற்றோம். அதனைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்னும் நிரலை 1994இல் கிறிஸ் பிரேடி என்பார் எழுதினார். அதன் வழிவந்த மெம்டெஸ்ட்86+ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதுவும் பென் டிரைவிலிருந்தே ஓடும். நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஓர் எண்ணை இட்டு, மீண்டும் எடுத்துப் பார்த்து, இட்டதும் எடுத்ததும் ஒன்றா என்று சரிபார்ப்பதே அதன் தொழில். பேரேட்டையும் துணைப் பதிவேட்டையும் ஒப்பிட்டு டிக் அடிப்பவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நன்று என்று சொல்லிவிடுவது தவறு; இரவு முழுதும் பல சுற்று ஓட வேண்டும். ஒரே ஒரு பிழை தோன்றினாலும் தேறவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆயிரத்தில் ஒன்றுதானே என்னும் இரக்கம் இங்கே செல்லாது.

இரவு இரண்டரை மணிக்குச் சிவப்பு வரி தோன்றியது. இட்ட எண்ணுக்கும் எடுத்த எண்ணுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட். எங்களிடம் 4 ஜி.பி. பட்டைகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதித் துடைத்துப் பூட்டினோம். பல வீடுகளில் இதுவே மருந்தாகிவிடும். பற்களில் படியும் மாசு அவ்வளவு தொல்லை தரும். எங்களுக்கு ஆகவில்லை. ஒரு பட்டை தனியாக ஓர் இரவு ஓடித் தேறியது, மற்றது தவறியது. தவறியதை அடுத்த துளையிலும் பூட்டிப் பார்த்தோம், அங்கும் தவறியது. ஆகவே குற்றம் துளையில் இல்லை, பட்டையில். கடைக்காரர் சொன்ன மதர்போர்டு தப்பித்தது. அறைகள் நிரம்பும்போதுதான் கெட்ட அறைக்கு வேலை வரும். மகள் பல பக்கங்களைத் திறந்தபோது மட்டும் பெட்டி நின்றதன் காரணம் அதுவே.

இங்கே கதை முடிந்திருக்கலாம். ஆனால் தாயாரின் வினா நிற்கிறதல்லவா?

பதிவேடு தொடங்கிய நாளிலேயே பெரியவர், சோதனைக்கு முன் நகல் எடுங்கள் என்று சொல்லியிருந்தார். நாங்களும் மூன்று இரவு விழித்து, நோயுற்ற அதே பெட்டியைக் கொண்டே, ஒளிப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பென் டிரைவுக்கு மாற்றினோம். இரண்டு ஒலிப்பதிவுகளைத் தொடும்போது மட்டும் பெட்டி மூச்சடைத்தாற்போல் நின்றது. நாளை பார்க்கலாம் என்று அவற்றை விட்டு மேலே சென்றோம். நினைவகப் பட்டையின் குற்றம் வெளிப்பட்ட பின், மகளுக்கு ஓர் ஐயம் வந்தது. எடுத்த நகல்களைத் திறந்து பார்த்தாள். ஒளிப்படங்கள் சிலவற்றில் பாதிக்குக் கீழ் நிறம் மாறிச் சாம்பல் பூத்திருந்தது. அவளுடைய அத்தையின் திருமணப் படத்தில் மணமக்கள் இருக்கிறார்கள், பந்தி இல்லை. நகல் எடுக்கையில் ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தின் வழியே செல்கிறது. வழியில் இருக்கும் அறை பொய் சொன்னால் நகலும் பொய்யாகும். பெட்டி எந்த எச்சரிக்கையும் தராது. நகல் எடுக்க வேண்டும் என்பது சரி. நோயாளியின் கையால் எடுத்தது பிழை.

உடனே டிஸ்கைக் கழற்றவில்லை என்பது எங்கள் அடுத்த பிழை. நல்ல பட்டை ஒன்றோடு பெட்டி ஓடத்தானே போகிறது என்று எண்ணினோம். ஒரு காலை, விண்டோஸ் தானே டிஸ்கைச் சரிபார்க்கத் தொடங்கியது. அதனை நிறுத்தாமல் இரவு வரை ஓடவிட்டோம்.

அன்றுதான் மகள் ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்தாள். ஒவ்வொரு ஹார்டு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அக்குறிப்புக்குப் பெயர் ஸ்மார்ட். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச நிரல் அதனைக் காட்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை நின்றது. கெட்டுப்போனதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பிரிவுகள் ஒரு வரியில். படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பிரிவுகள் மற்றொரு வரியில். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும்; எங்களுடையவை சுழியமாக இல்லை. அத்தகைய பிரிவை அடையும்போது டிஸ்க் பல விநாடி மீண்டும் மீண்டும் படிக்க முயலும். அதுவரை விண்டோஸ் கைகட்டி நிற்கும். விளக்கு எரிந்துகொண்டே இருந்ததன் பொருள் இதுதான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவிலும், 'டிஸ்க்' என்னும் தலைப்பில் 7, 153 ஆகிய எண்களோடு ஏப்ரல் முதலே குறிப்புகள் வரிசையாக இருந்தன. நாங்கள் ஒரு பதிவேடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் பெட்டியும் ஒன்று எழுதிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் படிக்கவில்லை. நிற்க: டிஸ்கில் கெட்ட பிரிவு இல்லாமல், சி.ஆர்.சி. பிழை மட்டும் கூடிக்கொண்டே போனால், குற்றம் பெரும்பாலும் டிஸ்கில் இல்லை, இணைக்கும் சாட்டா கம்பியில். அதை மாற்றுவது சில்லறைச் செலவே.

அன்றிரவே டிஸ்கைக் கழற்றினோம். பெரியவரின் மகன் வீட்டுக் கணிப்பொறியில் யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் பூட்டி, லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்னும் நிரலால் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்தோம். அந்நிரலின் அறிவு இதுதான்: கெட்ட இடத்தில் முட்டி மோதிக்கொண்டிராமல், முதலில் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிக்கொள்ளும், பிறகே கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சிறிது சிறிதாகச் சுரண்டும். இரண்டு பகலும் ஓர் இரவும் ஓடியது. டிஸ்க் சூடேறாமல் இருக்கத் தாயார் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து, அருகிலேயே அமர்ந்திருந்தார்.

ஒளிப்படங்கள் அனைத்தும் முழுமையாக வந்தன, பந்தியும் வந்தது. ஒலிப்பதிவுகளில் 29 பழுதின்றிக் கிடைத்தன. ஒன்று ஆறாம் நிமிடத்தில், தகப்பனார் எங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்த ஆண்டைச் சொல்ல வாயெடுக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. மற்றொன்று திறக்கவே இல்லை. முதல் மூன்று இரவுகளில் மூச்சடைத்தவை இவ்விரண்டுமே. இப்போது 29ம் அந்த ஆறு நிமிடமும் மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஊரில் இருக்கும் சிற்றப்பா வீட்டில். அந்தப் பேச்சை முழுவதும் கேட்டவர் தாயார் ஒருவரே ஆதலால், மகள் அவரை உட்கார வைத்து, ஏரிக்கரைக் கதையை அவர் வாயால் மீண்டும் பதிந்திருக்கிறாள்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் நினைவகப் பட்டை ஒன்றும் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் அடங்கின. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பெட்டியில் இப்போது லினக்ஸே ஓடுகிறது. நின்றதில்லை.

வேறு காரணங்களும் உண்டு. திரையில் கோடுகளும் வண்ணக் கட்டங்களும் சிதறிய பின் நின்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, மதர்போர்டிலேயே திரைக்கான வழி இருந்தால் அதில் இணைத்துப் பாருங்கள். மதர்போர்டில் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அதுவே குற்றவாளி. அப்போது கடைக்காரர் சொல்வது மெய். கடிகாரம் அடிக்கடி பின்னோக்கிப் போனால் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் சிறு மின்கலத்தை மாற்றினால் போதும். பெட்டி உறைவதற்கு அதன்மேல் பழி போடுவது பெரும்பாலும் வீண்.

மெம்டெஸ்ட்86+ ஒன்றும் லினக்ஸ் ஒன்றுமாக இரண்டு பென் டிரைவுகளை, அந்த யு.எஸ்.பி. இணைப்பானோடு, சங்க நூலகத்தின் இரண்டாம் அலமாரியில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் நூலகப் பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். கட்டம் போட்ட நோட்டின் நகலும் அவற்றோடு இருக்கிறது. ஐயம் இருப்பின் ஞாயிறு மாலையில் வீட்டுக்கு வரலாம், மகள் இருப்பாள். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறதென்றால் மட்டும் ஞாயிறு வரை காத்திராமல், பெட்டியை அணைத்துவிட்டு அன்றே வாருங்கள்.